எட்டாவது சீர்

2025 மார்ச் 4, செவ்வாய்

பதுளையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. காலைப் பெரட்டில், முப்பது பெண்களும் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, வெளிக்கள உத்தியோகத்தர் ரஜீவ் ஐயா அதை என்னிடம் நீட்டினார். உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது. "என்னா ஜீவராணி, ஒங்கள கவிஞராக்கிட்டாங்களாமே?" என்றார். நானும் விடவில்லை. "ஆக்கல ஐயா. இருந்தத இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்க" என்றேன். பின்வரிசையில் ஜெயந்தினி சத்தமாகச் சிரித்தாள்.

மாகாணத் தமிழ் விழா. ஏப்ரல் 26, காலைக் கவியரங்கு. தலைப்பு 'வசந்தத்தை ரசிப்போம்'. ஒன்பது பேர். ஆறு பேர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கி, ஒருவர் தபால் அதிபர். கடைசியில் 'திருமதி ஜீவராணி பொன்னையா, கங்காணி'. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் ஐந்தாறு தடவை வாசித்தேன். கங்காணி என்றால் மலையில் நின்று கத்துகிற வாய் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. அந்த வாய் மேடையில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறது. இதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 5, புதன்

கடிதத்தைப் பொன்னையாவிடம் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டு, "பகல் சாப்பாடு குடுப்பாங்களா?" என்று கேட்டார். இந்த மனிதரோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வசந்தம் என்றால் என்ன என்று முதலில் எனக்குத் தெளிவாக வேண்டும்.

நுவரெலியாவுக்கு ஏப்ரலில் வசந்தம் வரும். கொழும்பிலிருந்து காரில் வரும், பூக்காட்சி பார்க்கும், குதிரை ஏறும், ஐஸ்கிரீம் தின்னும், திரும்பிப் போய்விடும். தெமோதரைக்கு மேலே இருக்கிற எங்களுக்கு எது வசந்தம்? மாசி வெயிலில் தேயிலைச் செடியெல்லாம் காய்ந்து நிற்கும். பிறகு நாலு மழை. ஒரே வாரத்தில் மலை முழுக்க இளம்பச்சை. வந்துவிட்டால் மூச்சுவிட நேரமில்லை, ஞாயிறும் கைக்காசு வேலை, எடுத்த கிலோவுக்கு அன்றைக்கே காசு. ஊருக்கு வசந்தம் ஓய்வு, எங்களுக்கு ஓட்டம்.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும். இளங்கொழுந்தை ஒடிக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முற்றிய இலைக்கு அந்தச் சத்தம் கிடையாது, அது நாரோடு இழுபடும். முப்பது பேர் ஒரு மலையில் நின்று டிக் டிக் என்று ஒடிக்கும்போது பக்கத்தில் நிற்பவளுக்குப் பேசக்கூடத் தோன்றாது. குயிலைப் பற்றி எழுத ஆறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

இன்று நானும் ஜெயந்தினியும் ஆறாம் நம்பர் மலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தோம். கங்காணியாகி ஆறு வருஷம் ஆகிறது, ஆனாலும் ஞாயிறு என்றால் நானும் பையை மாட்டிக்கொள்வேன். எடுத்துக்கொண்டே இருக்கும்போது வரி தானாக வந்தது.

பச்சைக் கொழுந்து படபடன்னே வந்து பார்க்கச் சிரிக்குது வாங்கடியோ —
உச்சி மலையில் பொழிந்த மழைக்கின்னும் ஓடையில் பேச்சிருக்கு கேளடியோ —

முள்ளு முருங்கை முழுசாச் சிவந்தது மூக்குல ஏறுது மண்வாசம் —
அள்ளிய கைரெண்டும் ஆகாசம் பார்க்குது ஆருக்கு வந்தது பூவசந்தம் —

ஜெயந்தினி ஒரே தடவை கேட்டுவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள். அவள் குரல் மலையைச் சுற்றி வரும். பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் பன்னிரண்டு வரி சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தட்டிப் பார்த்தேன். வரிக்கு ஏழு தட்டு, பிறகு ஒரு தட்டு அளவுக்குச் சும்மா ஓர் இடைவெளி, பிறகு அடுத்த வரி. ஏன் ஏழு? தெரியாது. வந்தது அப்படி.

நன்றாக இருக்கிறது. நானே சொல்கிறேன், நன்றாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பதுளைக்குப் போனேன். விழாவுக்குப் பொறுப்பான கலாசார உத்தியோகத்தர் நிருபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். பல்கலைக்கழகத்தில் யாப்பு படித்தவர். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று தானே கதிரையை இழுத்துப் போட்டார். மரியாதையான ஆள். அதனால்தான் அடி இன்னும் பலமாக விழுந்தது.

கவிதையை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். மேசையில் விரலால் தட்டினார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"அக்கா, வடிவா இருக்குது. ஆனா உது கும்மி எல்லோ?"

"கும்மின்னா கவிதை இல்லீங்களா சேர்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்ல. குழு அப்பிடித்தான் பிரிச்சு வச்சிருக்குது. காலமை கவியரங்கத்தில விருத்தம், வெண்பா, இல்லாட்டிப் புதுக்கவிதை. கும்மி எண்டா பின்னேரம் கிராமிய நிகழ்ச்சிக்குள்ளதான் போட வேணும். எழுசீர் விருத்தம் எண்டு ஒண்டு இருக்குதுதான், ஆனா உங்கட நடை அது இல்லை."

பிறகு அவரே வழியும் சொன்னார். ஒவ்வொரு தட்டும் ஒரு சீர். ஏழு சீருக்குப் பிறகு நான் சும்மா விடுகிற இடத்தில் இன்னொரு சொல்லைப் போட்டால் எட்டுச் சீர். "எண்சீராக் கொண்டு வாங்கோ, விருத்தம் எண்டு நான் நிண்டு வாதாடுறன். ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனம் கொதித்தது. பின்னேர நிகழ்ச்சி என்றால் கரகம், காவடி, கும்மி. சனங்கள் சோற்றுப் பார்சல் பிரிக்கிற நேரம். அந்த ஆட்டங்களை நான் கேவலமாகச் சொல்லவில்லை, எனக்கும் காலில் தாளம் உண்டு. ஆனால் அங்கே போனால் அது 'தோட்டத்துப் பொம்பளைங்க பாட்டு'. யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்குக் கேட்க வேண்டும். யார் எழுதியது என்று கேட்டு, ஜீவராணி என்று சொல்ல வேண்டும். இந்த ஆசையில் என்ன பிழை?

மார்ச் 18, செவ்வாய்

எட்டாக்கிவிட்டேன். கஷ்டமே இல்லை. தச்சனுக்கு ஒரு பலகை கூட்டுகிற வேலைதான்.

பச்சைக் கொழுந்து படபடன்னே வந்து பார்க்கச் சிரிக்குது வாங்கடி பெண்களே
உச்சி மலையில் பொழிந்த மழைக்கின்னும் ஓடையில் பேச்சிருக்கு கேளடி தோழியே

தோழியாம்! எங்கள் மலையில் யாரடி தோழி? 'ஏய்', 'இந்தாடி', 'அடியே', இவ்வளவுதான் உண்டு. இருந்தாலும் கேட்கப் பெரிய மனுஷத் தோரணையாக இருக்கிறது. நிருபனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கைதட்டுகிற பொம்மை மூன்று அனுப்பினார்.

மார்ச் 20, வியாழன்

மழை. நல்ல மழை. அடுத்த வாரம் கொழுந்து தாங்காது.

மார்ச் 24, திங்கள்

மேடையில் தாளைப் பார்த்து வாசிக்கிற ஆள் நான் இல்லை. மனப்பாடமாக வேண்டும். அதற்குச் சுலபமான வழி முப்பது வாயில் போட்டுவிடுவதுதான். இன்று மலையில் எட்டுச் சீர் வரியைச் சொல்லிக்கொடுத்தேன். ஜெயந்தினி முன்னால் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். நான் பாதையில் கம்போடு நின்று தாளம் போட்டேன்.

"அக்கா, இது அன்னைக்கிப் பாடுனது மாதிரி இல்லியே" என்றாள் ஜெயந்தினி.

"இது அதுக்கு அக்கா" என்றேன். பெரிய கெட்டிக்காரியாக எனக்கு நினைப்பு.

மார்ச் 26, புதன்

என்ன சொல்லி எழுதுவது.

நேற்றும் இன்றும் பாட்டு அமர்க்களம். தோட்டத்தின் பக்கத்துப் பிரிவு ஆட்கள் பாதையில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். எடையும் கூடித்தான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னேரம் மூன்றரைக்கு ஃபெக்டரியிலிருந்து ரஜீவ் ஐயாவுக்கு ஃபோன். அவர் முகம் கறுத்ததைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

பொன்னையா வேலை செய்வது கொழுந்து வாட்டுகிற மாடியில். எங்கள் மலைச் சாக்கை அவர்தான் பிரித்துக் கொட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"ராணி, அது கொழுந்து இல்ல. கொப்பு. முத்தல் எல, கட்டை, காம்பு எல்லாம் கலந்து வந்திருக்கு. நேத்தே கொஞ்சம் இருந்துச்சி, நான் சொல்லல. இன்னிக்கி மாட்டுக்குத்தான் போடணும்."

"எங்க ஆளுங்களா? ஜெயந்தினியோட சாக்குமா?"

"அவ சாக்குதான் ரொம்ப மோசம்."

நூறு இலையில் நாற்பது கூட நல்லதில்லையாம். என் ஆட்கள்! இந்தத் தோட்டத்தில் ரெண்டு இலை ஒரு மொட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற கைகள். ஆறு வருஷத்தில் ஒரு சாக்கு திரும்பி வந்ததில்லை. என்னா புடிச்சிச்சி இவளுகளுக்கு? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரமா அவமானமா என்று தெரியவில்லை. ரெண்டும்தான்.

மார்ச் 27, வியாழன்

மேனேஜர் தொரை என்னைக் கூப்பிடவில்லை. ரஜீவ் ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஐயா நேரே பெரட்டுக்கு வந்தார், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"மலையில பாட்டு வேணாம். வாய் பாடுது, கண்ணு எங்கயோ பாக்குது. இன்னொரு தடவ இப்பிடி வந்திச்சின்னா கங்காணி வேற ஆள். அந்த விழா லீவயும் அப்புறம் பாப்போம்."

நான் தலை குனியவில்லை. பெண்களைத் திட்டலாம் என்று திரும்பினேன். ஜெயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். "கை அதுவா புடுங்குதுக்கா, நா என்னா செய்ய" என்றாள். அதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பாட்டு இல்லாத மலை. கொழுந்து சுத்தம். அப்படியென்றால் பிழை பாட்டில்தான். என் பாட்டில்.

மார்ச் 30, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவு சின்ன விஷயம்.

இன்று கைக்காசு. ஜெயந்தினி கோபத்தில் வரவில்லை. நான் தனியாக மலைக்கோடியில் பையை மாட்டிக்கொண்டு எடுத்தேன். யாருமில்லை என்ற தைரியத்தில் எட்டுச் சீர் வரியை மெதுவாகப் பாடினேன். நாலு வரி போயிருக்கும். கையைப் பார்க்கிறேன், உள்ளங்கையில் முத்தல் இலை! நான் எடுத்தது. கங்காணி ஜீவராணி எடுத்தது!

திரும்பப் பாடினேன், இந்தத் தடவை கையை மட்டும் பார்த்துக்கொண்டு. தட்டுக்குத் தட்டு இரண்டு கையும் ஒடிக்கிறது. ஏழு தட்டில் உள்ளங்கை நிறைகிறது. நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய் முதுகில் இருக்கிற பைக்குள் கொழுந்தைப் போட வேண்டும். கை அங்கே போகிற நேரத்தில்தான் கண் அடுத்த செடியில் எது பிஞ்சு, எது முத்தல் என்று தேர்ந்து வைக்கிறது. அந்த நேரத்தில் நான் 'பெண்களே' என்று ஒரு சொல்லைத் திணித்து வைத்திருக்கிறேன். பாட்டு காத்திருக்கவில்லை. முப்பது பேர் சேர்ந்து பாடும்போது யாரும் பின்தங்க மாட்டார்கள், மானப் பிரச்சினை. அதனால் கை அடுத்த வரியின் தொடக்கத்தில் கொழுந்தைப் போட்டுவிட்டு, இறங்குகிற வேகத்தில் அகப்பட்டதைப் பிடுங்குகிறது. கண் தேர்ந்தெடுக்கவே இல்லை. எல்லாருக்கும் முன்னால் பாடுகிற ஜெயந்தினியின் கைதான் அதிகம் ஓடியிருக்கிறது. பாவி, அவள் சொன்னது சாக்குப்போக்கு இல்லை. உண்மை.

பிறகு பழைய ஏழுச் சீரைப் பாடினேன். கை போகிறது, கண் பார்க்கிறது, கை இறங்குகிறது, டிக்.

முதல் ஞாயிறு ஏன் ஏழு வந்தது என்று இப்போது தெரிகிறது. அன்று என் முதுகில் பை இருந்தது. எட்டாக்கிய அன்று நான் நாற்காலியில் இருந்தேன். சொல்லிக்கொடுத்த அன்று கையில் கம்பு. கொழுந்து எடுக்காத கையோடு கொழுந்துப் பாட்டு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

நேரே ஜெயந்தினி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "ஏழுக்கே போயிருவோம்டி" என்றேன். முதலில் முறைத்தாள். பிறகு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், சீனி கூட.

ஏப்ரல் 1, செவ்வாய்

ரஜீவ் ஐயாவிடம் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். சனிக்கிழமை ஏழுச் சீர் பாடிக்கொண்டு எடுப்போம், நிறுவையில் அவரே கையை விட்டுப் பார்க்கட்டும். "மோசமா வந்திச்சின்னா நானே கங்காணி வேலய விட்டுட்டுப் பைய மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறேன் ஐயா. நீங்க வேற ஆள் பாக்க வேண்டியதில்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பாட்டுக்காகவா?"

"ஆமாங்க."

சரி என்று சொல்லிவிட்டார். பயமாக இல்லையா என்று பொன்னையா கேட்டார். இல்லை. கை பொய் சொல்லாது.

பிறகு நிருபனுக்கு ஃபோன் செய்தேன். எட்டாவது சீரை எடுத்துவிட்டேன், இனிமேல் போட மாட்டேன் என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. "அக்கா, அப்பிடியெண்டா உங்களப் பின்னேரத்துக்கு மாத்த வேண்டி வருமே. பேரும் பிறகு தனியா வராது, குழுப் பாட்டு எண்டுதான் போடுவினம்." தெரியும் என்றேன். "மாத்துறதுக்கு முன்ன ஒரு தடவ மலைக்கு வாங்க சேர். சனிக்கிழமை. சப்பாத்து வேணாம், வழுக்கும்."

ஏப்ரல் 5, சனி

நிருபன் சப்பாத்தோடுதான் வந்தார். இரண்டு தடவை வழுக்கினார்.

காலையிலிருந்து ஏழு. ஜெயந்தினி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் மலை ஒரு நொடி வாயை மூடும், முப்பது பேரின் கையும் தோளுக்கு மேலே போகும், பிறகு அடுத்த வரி. நிருபன் பாதையில் நின்று கேட்டார். முதலில் தொடையில் தாளம் தட்டினார். கொஞ்ச நேரத்தில் தட்டுவதை விட்டுவிட்டார்.

"நானும் ஒருக்கா எடுத்துப் பாக்கட்டே?" என்றார்.

பையை மாட்டிவிட்டோம். தலையில் பையின் பட்டி நிற்கவில்லை, பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "மொதல்ல எட்டுக்கு எடுங்க சேர், ஒங்க பாட்டு" என்றேன். எட்டுச் சீரை நாங்கள் பாடப் பாட மனிதர் வியர்த்து விறுவிறுத்துப் பிடுங்கினார். மூன்றாவது வரியில் ஒரு கொப்பே கையோடு வந்துவிட்டது. ரஜீவ் ஐயா அதை வாங்கி, "இத எந்தக் கணக்குல போடுறது?" என்று கேட்டார். தொரையிடம் பேச்சு வாங்கிய மனிதர் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஏழு. மெதுவாக. ஆறேழு வரி போனபின் நிருபனின் கை தானாகவே மேலே போனது. அவர் அதைக் கவனித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப நான் சொன்னது பிழை எண்டே அக்கா?"

"புத்தகத்துல சரியாத்தான் சேர் இருக்கும். நீங்க மலைய எண்ணல, அவ்வளவுதான்."

நிறுவையில் ரஜீவ் ஐயா ஒவ்வொரு சாக்காகக் கையை அடி வரை விட்டுப் புரட்டினார். நூற்றுக்கு எழுபத்தெட்டு நல்லது. மழைக்குப் பிறகான ஓட்டத்தில் எழுபத்தெட்டு! "பாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டர் சைக்கிளை எடுத்தார்.

ஏப்ரல் 9, புதன்

நிருபன் பேசினார். குழுவில் இரண்டு மணி நேரம் வாதாடினாராம். ஒரு பெரியவர், "இது கும்மியடிக்கிற இடம் இல்லை" என்றாராம். நிருபன் தான் பிடுங்கிய கொப்பை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்திருக்கிறார், அதைக் காட்டி விளங்கப்படுத்தினாராம். எப்படி விளங்கப்படுத்தினாரோ, அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நான் பார்க்கவில்லை.

முடிவு: காலையிலேயே வாசிக்கலாம். கடைசி ஆள். ஆனால் பாடக்கூடாது, வாசிக்க வேண்டும். "பறவாயில்லையே அக்கா?"

"ஓசை வரியில இருக்கு சேர். தொண்டையில இல்ல" என்றேன். ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றினேன். நாற்பத்து நாலு வயசுக்கு அதிகம்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. பொங்கல், கோயில், தூக்கம். ரசித்தேன்.

ஏப்ரல் 26, சனி

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குக் கூடுதல் குறைவாக ஞாபகம் வரும்.

பொன்னையாவும் ஜெயந்தினியும் கூட வந்தார்கள். மற்றவர்களுக்கு இன்று வேலை. மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். மேடையில் ஒன்பது நாற்காலி, எனது ஓரத்தில். மற்ற எட்டுப் பேரும் நன்றாகத்தான் வாசித்தார்கள். குயில் ஐந்து பேரிடம் வந்தது, மாம்பூ நாலு பேரிடம். தபால் அதிபரின் கவிதையில் உண்மையாகவே ஒரு வரி பிடித்தது, சொன்னேன், வெட்கப்பட்டார்.

என் முறை. மைக் உயரம் சரியில்லை, நானே இறக்கிக்கொண்டேன். முதல் வரி வாசித்தேன், ஏழு முடிந்தது, நிறுத்தினேன். மண்டபம் அமைதி. தலைமை வகித்தவர் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளினார்! இரண்டாவது வரி, நிறுத்தம். பின்னால் யாரோ 'ச்சு' என்றார்கள். இரக்கம். மூன்றாவது வரியில் சிலருக்குப் பிடிபட்டது. நாலாவது முடிந்ததும், 'ஆருக்கு வந்தது பூவசந்தம்' என்ற இடத்தில், பலமாகக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "கை தட்டாதீங்க. அது கொழுந்து போடுற நேரம்."

ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு ஒருவரும் தட்டவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மண்டபம் முழுவதும் என்னோடு சேர்ந்து சும்மா இருந்தது. இருநூறு பேரைச் சும்மா இருக்க வைப்பது லேசான வேலையா? மலையில் முப்பது பேரை இருக்க வைக்கவே கத்த வேண்டியிருக்கிறது. கடைசி வரி முடிந்து மைக்கை விட்டு நான் விலகிய பிறகுதான் தட்டினார்கள். எழுந்து நின்று.

கீழே இறங்கியதும் கண்ணாடி போட்ட ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இது நீங்களே எழுதினதா?" என்று கேட்டார். "நான்தாங்க. ஜீவராணி" என்றேன். நெஞ்சு நிறைந்து போனது.

சான்றிதழில் 'கவிஞர்' என்று அச்சில் இருக்கிறது. பகல் சாப்பாடு கொடுத்தார்கள். பொன்னையாவுக்கும் திருப்தி.

ஏப்ரல் 28, திங்கள்

சான்றிதழைச் சுவரில் மாட்டியாயிற்று. சாய்ந்திருக்கிறது என்று பொன்னையா மூன்று தடவை இறங்கி ஏறினார். பெரட்டில் ரஜீவ் ஐயா, "வாங்க கவிஞர்" என்றார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

மே 16, வெள்ளி

பக்கத்துப் பிரிவிலும் நம் பாட்டைப் பாடுகிறார்களாம். ஜெயந்தினியின் நாத்தனார் வெலிமடைப் பக்கத் தோட்டமொன்றில் கேட்டாளாம். பரவட்டும். யார் எழுதியது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பதுளையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் ஓர் இளம் பெண், மடியில் கைக்குழந்தை. கொஸ்லந்தவுக்குப் போகிறாளாம். பிள்ளை சிணுங்கியது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். 'பச்சைக் கொழுந்து படபடன்னே வந்து'.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏழு முடிந்ததும் நிறுத்தினாள், சரியாக. அந்த இடத்தில் பிள்ளையின் முதுகில் ஒரு தட்டுக் கூட விழவில்லை.

"நல்லாருக்கே பாட்டு. யாரு எழுதுனது?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"யாருங்க எழுதுறது?" என்று சிரித்தாள். "இது பழைய பாட்டுங்க. எங்க மலையில எப்பயும் பாடுறதுதான்."

பழையதா? மூன்று மாதம் ஆகிறது! ஒன்பதாவது நாற்காலி, சான்றிதழ், நிருபனின் இரண்டு மணி நேர வாதம், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'அடியே, அதக் கட்டுனது நான்தான்டி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அது நான் எழுதிய வரி இல்லை. எங்கள் மலையிலும் யாரும் பாடாத வரி.

அதை யார் கட்டினது என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்கு இறங்குகிற இடம் வந்துவிட்டது. இன்னொரு தடவை பாடச் சொல்லி, சாமான் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு இறங்கினேன். என் பெயரைச் சொல்லவில்லை. என் பன்னிரண்டு வரியிலும் வசந்தத்தை இவ்வளவு நன்றாக ரசித்த வரி கிடையாது.

நிச்சயம் நாளைக்கும் நிக்கும் கொழுந்தடி நேரத்துக்கே வீடு போங்கடியோ —